எடை குறைந்த கிளிப்லெஸ் பெடல்: ரப்பர் தோட்டத்துக்கும் வீட்டு டிரெயினருக்கும் எது சரி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் நாகர்கோவிலில் இருந்து சைக்கிளில் கிளம்புகிற கூட்டம் ஒன்று உண்டு. அதில் நானும் ஒருவன். மலைப் பக்கம் என்றால் கீரிப்பாறை, குலசேகரம், பேச்சிப்பாறை. சமதளம் போதும் என்றால் சானல்கரை, அதாவது கால்வாய்க் கரை. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது. அந்த மாதங்களில் சைக்கிள் வீட்டுக்குள் டிரெயினரில், அதாவது நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் தாங்கியில், ஏறிவிடும். புதிதாகச் சேர்கிறவர்கள் ஆறு மாதம் ஓட்டியதும் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, இருக்கதுலயே லேசான பெடல் எது?" என்பதுதான். டீக்கடை வாசலில் நின்று ஒரே பதிலைப் பலமுறை சொல்லியாயிற்று. இனி எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் கடைக்காரன் அல்ல, எந்தக் கம்பெனிக்கும் ஆளும் அல்ல.

"கிளிப்லெஸ்" என்கிறார்கள். ஆனால் கால் பெடலில் மாட்டிக்கொள்கிறதே, அது எப்படி?

பெயர் செய்கிற குழப்பம் அது. முன்காலத்துப் பந்தய சைக்கிளில் பெடலின் முன்புறம் கம்பியால் ஒரு கூடு இருக்கும். கால்விரலை அதற்குள் நுழைத்து வாரால் இறுக்கிக்கொள்வார்கள். அந்தக் கூட்டுக்குத்தான் டோ கிளிப் என்று பெயர். பனிச்சறுக்குப் பலகையில் காலணியைப் பூட்டும் கருவிகள் செய்துவந்த பிரான்ஸின் லுக் நிறுவனம், அதே யோசனையை 1984இல் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. மறுவருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார் ஹினோ அந்தப் பெடலை மிதித்து டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். கூடு காணாமல் போனது, "கிளிப் இல்லாத" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

மலை சைக்கிளுக்கு ஏற்றது 1990இல் வந்தது: ஷிமானோவின் எஸ்பிடி. ஷூவின் அடியில் இரண்டு ஆணியால் திருகும் சின்ன இரும்புத் துண்டுதான் கிளீட். ஷூவின் அடிக்கட்டைகளுக்கு நடுவே அது உள்வாங்கி இருப்பதால் இறங்கி நடக்க முடியும். மிதித்தால் ஸ்பிரிங் கவ்விக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும்.

எடை குறைந்தால் உண்மையில் எவ்வளவு பலன்?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஆள் 70 கிலோ, சைக்கிள் 13 கிலோ, தண்ணீர், டூல் எல்லாம் 2 கிலோ. மொத்தம் 85 கிலோ. பெடலில் 100 கிராம் குறைத்தீர்கள் என்றால் மொத்தத்தில் நூற்றுக்கு 0.12 பங்குகூட இல்லை. பேச்சிப்பாறையிலிருந்து கோதையாறு பக்கம் ஒரு மணி நேரம் விடாமல் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டாலும், மிச்சமாவது நாலு விநாடி. மூச்சு வாங்க நின்று ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் அதுவும் போயிற்று.

இங்கே ஒருவர் கட்டாயம் குறுக்கே வருவார்: "பெடல் சுத்துற சாமான்லா, சுத்துற எடை ரெண்டு மடங்குண்ணு சொல்லுவாங்களே?" சக்கரத்தின் ரிம்முக்கு அது சரி. ரிம், சைக்கிள் ஓடுகிற அதே வேகத்தில் சுற்றுவதால் அதில் இருக்கும் 100 கிராம், வேகம் எடுக்கும்போது ஏறக்குறைய 200 கிராம் போல நடந்துகொள்ளும். பெடல் கதை வேறு. நிமிடத்துக்கு 90 சுற்று, பெடலைத் தாங்கும் கையான கிராங்க் 170 மில்லிமீட்டர் என்றால் பெடல் தன் வட்டத்தில் போகும் வேகம் விநாடிக்கு 1.6 மீட்டர். சைக்கிளோ 20 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 5.5 மீட்டர் போய்க்கொண்டிருக்கிறது. இதை வைத்துக் கணக்குப் பார்த்தால் பெடலின் 100 கிராம் ஏறத்தாழ 108 கிராமாகிறது, அவ்வளவே. போதாததற்கு, ஒரு பெடல் மேலே ஏறும்போது இன்னொன்று கீழே இறங்குகிறது. இரண்டும் தராசுத் தட்டு மாதிரி ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும்.

எடையைப் பற்றியே பேசக்கூடாது என்று சொல்லவில்லை. மாவட்ட அளவில், மாநில அளவில் போட்டிக்குப் போகிறவர், டயர், சக்கரம், தன் உடம்பு எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்தவர், கடைசியாகப் பெடலுக்கு வரலாம். ஆசைக்கு வாங்குவதும் தப்பில்லை. நல்ல வேலைப்பாடுள்ள பெடலைக் கையில் தூக்கிப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. அது கால் செய்கிற வேலையைக் குறைக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள், அதுதான் நான் சொல்வது.

சரி, எந்தப் பெடல் எவ்வளவு எடை?

ஜோடிக் கணக்கில், கம்பெனி சொல்லும் எடை, தோராயமாக: ஷிமானோ எம்520 என்பது 380 கிராம், எம்540 சுமார் 350, எக்ஸ்டி எம்8100 சுமார் 340, எக்ஸ்டிஆர் எம்9100 சுமார் 310. கிராங்க்பிரதர்ஸின் எக்பீட்டர் வரிசை முட்டை அடிக்கும் கரண்டி மாதிரியே இருக்கும். அதில் எக்பீட்டர் 3 சுமார் 280 கிராம். டைட்டானியத்தில் செய்த எக்பீட்டர் 11 சுமார் 180 கிராம்.

எம்520க்கும் எக்ஸ்டிஆருக்கும் நடுவே 70 கிராம். நம்ம ஊர் மட்டிப்பழம் ஒன்றிரண்டு இருக்கும். விலை வித்தியாசமோ பல மடங்கு.

எடையை எங்கிருந்து எடுக்கிறார்கள்? ஏதாவது போகுமா?

மூன்று இடத்திலிருந்து எடுக்கலாம். பெடல் சுழலும் நடுத்தண்டான ஆக்சிலை எஃகிலிருந்து டைட்டானியத்துக்கு மாற்றலாம். பெடலின் உடம்பைக் குடைந்து குறைக்கலாம். காலைத் தாங்கும் தட்டையே எடுத்துவிடலாம், எக்பீட்டர் செய்வது அதுதான்.

முதலாவதில் பார்க்க வேண்டியது ஆளின் எடை. டைட்டானியம் ஆக்சில் உள்ள சில பெடல்களுக்கு இத்தனை கிலோவுக்கு மேற்பட்டவர் பயன்படுத்தக் கூடாது என்று கம்பெனியே வரம்பு போட்டிருக்கும். பெட்டியில் வரும் தாளைப் படித்துவிட்டு வாங்குங்கள். மாமியார் வீட்டு விருந்துக்குப் போய்வந்த எடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது இன்னும் முக்கியம். தட்டு இல்லாத பெடலில் பாரம் முழுவதும் கிளீட்டின் மேல் இறங்கும். ஷூவின் அடி விறைப்பாக இருந்தால் பரவாயில்லை. மெத்தென்ற அடி என்றால் ஒரு மணி நேரத்தில் பாதத்தின் நடுவே ஒரு கல்லை வைத்து மிதிப்பது போல எரியத் தொடங்கும். கிளீட் மாட்டாமல் சும்மா மிதித்துக்கொண்டு போக வேண்டிய இடங்களும் உண்டு. வேர் நிறைந்த இறக்கத்தில் அப்படிப் போகும்போது தட்டில்லாத பெடல் காலைத் தாங்காது.

டிரெயினருக்கு எடை குறைந்த பெடல் வேண்டுமா?

வேண்டாம். டிரெயினரில் சைக்கிள் எங்கேயும் போவதில்லை, ஏறுவதும் இல்லை. திரையில் தெரியும் மலையை ஏறும்போது செயலி கணக்கில் எடுப்பது நீங்கள் பதிந்துவைத்த உடல் எடையைத்தான், உங்கள் பெடலை அது தராசில் வைத்துப் பார்க்காது. அங்கே லேசான பெடலுக்குக் கொடுத்த காசு மொத்தமும் வீண்.

டிரெயினரில் பார்க்க வேண்டியவை வேறு. முதலாவது முழங்கால். காட்டுப் பாதையில் ஓட்டும்போது எழுந்து நிற்கிறோம், மிதிக்காமல் உருள்கிறோம், இடுப்பை அசைக்கிறோம். கால் ஒரே கோணத்தில் ஐந்து நிமிடம் இருப்பதில்லை. டிரெயினர் சைக்கிளைப் பின்பக்கம் கவ்விப் பிடித்திருக்கிறது. நிமிடத்துக்கு 85 சுற்று என்றால் மணிக்கு 5,100 தடவை, அதே முழங்கால், அதே கோணம். கிளீட் ஒரு பக்கம் சற்றுக் கோணலாக இருந்தால் தோட்டத்தில் ஒரு மாதம் தெரியாமல் இருந்தது டிரெயினரில் இரண்டு நாளில் தெரிந்துவிடும். ஆகவே கிளீட் பூட்டியபின்னும் குதிகால் இரு பக்கமும் கொஞ்சம் அசைய இடம் தருகிற பெடல் வேண்டும். இதை ஃப்ளோட் என்பார்கள். எஸ்பிடியில் அது சுமார் 4 டிகிரி, கிராங்க்பிரதர்ஸின் வழக்கமான கிளீட்டில் 6 டிகிரி.

இரண்டாவது வியர்வை. நம்ம ஊரில் மின்விசிறியைச் சுவரோடு சுவராக வைத்தாலும் டிரெயினருக்குக் கீழே குளம் கட்டும். வியர்வை உப்பு சொட்டுவது கிராங்க், பெடல், கிளீட் ஆணிகளின் மேல். அலுமினியக் கிராங்கும் எஃகு ஆக்சிலும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து நின்றால் மரை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். ஒரு மழைக்காலம் முழுக்க டிரெயினரில் நின்ற சைக்கிளில் பெடலைக் கழற்ற இரண்டு பேர் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஓட்டி முடித்ததும் ஈரத்துணியால் ஒரு துடை, மாதம் ஒருமுறை பெடலைக் கழற்றிப் புது கிரீஸ். இதைச் செய்தால் போதும்.

நம்ம மாவட்டத்துச் சேறு, மணல், உப்புக்காற்று. எந்தப் பெடல் தாங்கும்?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நான் பெடல் தேர்ந்தெடுப்பது தராசை வைத்து அல்ல, இந்த மூன்றையும் வைத்துத்தான்.

குலசேகரம், திற்பரப்புப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் செம்மண். மழையில் அது வெறும் சேறாக இருக்காது. பொடிக்கல் கலந்த பசை. அது கிளீட்டுக்கும் ஷூவுக்கும் நடுவே ஒரு கல்லைக் கொண்டுபோய்ச் செருகிவிடும், பிறகு எவ்வளவு மிதித்தாலும் பூட்டாது. மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலை உதிரும். அந்தச் சருகு பனியில் நனைந்து மிதிபட்டு மெத்தையாகி, வேரையும் மூடிவிடும், கிளீட்டையும் நிரப்பிவிடும். இதற்கெல்லாம் திறந்த அமைப்புள்ள பெடல் வேண்டும். எக்பீட்டர் இதில் கெட்டிக்காரன்: நாலு பக்கமும் மாட்டலாம், சேறு நிற்க இடமே இல்லை. டைம் கம்பெனியின் அட்டாக் வரிசையும் நன்றாகச் சமாளிக்கும். எஸ்பிடி அதற்கு ஒரு படி கீழே. ஆனால் பெடலில் ஷூவை ஒருமுறை தட்டினால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. லேசான பெடலுக்காகக் கணக்குப் பார்த்தவர் தோட்டத்திலிருந்து திரும்பி வரும்போது ஷூவில் அப்பிக்கொண்டு வருகிற சேறு, பெடலுக்குப் பெடல் உள்ள வித்தியாசத்தைத் தாண்டிவிடும்.

கடற்கரைப் பக்கம் வேறு ஆபத்து. மணவாளக்குறிச்சியை ஒட்டிய கறுப்பு மணலில் இல்மனைட், மோனசைட், சிர்கானோடு கார்னெட்டும் இருக்கிறது. கார்னெட் என்றால் உப்புத்தாள் செய்யப் பயன்படுத்துகிற கனிமம். முட்டத்திலோ சங்குத்துறையிலோ மணலில் தள்ளிக்கொண்டு போய்விட்டு, கழுவாமல் மறுநாள் ஓட்டினால், பெடலின் ஸ்பிரிங்குக்கும் கிளீட்டுக்கும் இடையில் உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான். கிராங்க்பிரதர்ஸின் கிளீட் பித்தளை, சீக்கிரம் தேயும். எஸ்பிடி கிளீட் எஃகு, நின்று உழைக்கும். கடலோரமாகவே அதிகம் ஓட்டுகிறவர் இதைக் கவனித்துக்கொள்ளலாம்.

பேரிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷிமானோவில் ஆக்சில், பேரிங் எல்லாம் ஒரே தொகுதியாகக் கழன்று வரும். கிரீஸ் வைத்துத் திரும்பப் பூட்டிவிடலாம். எக்பீட்டரில் உள்பக்கம் புஷ் எனும் வழுவழுப்பான வளையம், வெளிப்பக்கம் பேரிங். ஓடையில் இறக்கி ஏற்றினால் அதற்கு அடிக்கடி பராமரிப்பு வேண்டும், மாற்றுவதற்கான உதிரி கிட் விற்கிறார்கள். எதுவானாலும் பைக் வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீரைப் பெடலின் மேல் அடிக்க விடாதீர்கள். மூன்று மழை செய்யாததை அந்தத் தண்ணீர் மூன்று நிமிடத்தில் செய்துவிடும்.

ரோட் சைக்கிள் பெடல் ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது. அதையே மாட்டலாமா?

டிரெயினரில் மட்டும் என்றால் தாராளமாக மாட்டலாம். மூன்று ஆணி பிளாஸ்டிக் கிளீட், அகலமான தட்டு, பாதத்துக்குச் சுகம். மொசைக் தரையில் அந்த ஷூவோடு நடக்கும்போது மட்டும் கவனம். தோட்டத்துக்கு வேண்டாம். ஒரு பக்கம்தான் மாட்டும், சேறு புகுந்தால் கதை முடிந்தது, இறங்கித் தள்ள வேண்டிய ஏற்றத்தில் கிளீட் கல்லில் தேய்ந்து போகும்.

ஷிமானோ எஸ்பிடிக்கு எஸ்எச்51, எஸ்எச்56 என்று இரண்டு கிளீட் இருக்கிறதே?

51 என்பது பெடலோடு சேர்ந்து வருவது. குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். 56 தனியாக வாங்க வேண்டும். அது பல திசையில் விடும், பதறி மேலே இழுத்தாலும் வந்துவிடும். புதிதாகப் பழகுகிறவர் முதல் இரண்டு மாதம் 56 போட்டுக்கொள்வது நல்லது. அதற்கு மேலும் அதிலேயே இருந்தால், டிரெயினரில் எழுந்து நின்று மூச்சைப் பிடித்து மிதிக்கும்போது கால் திடீரென்று கழன்று முழங்காலில் ஹேண்டில்பார் இடிக்க வாய்ப்பு உண்டு.

"விழுந்திருவேனோண்ணு பயமாட்டு இருக்கு."

விழுவீர்கள். எல்லோரும் விழுந்திருக்கிறோம். நான் விழுந்தது மலையிலும் இல்லை, காட்டிலும் இல்லை. வடசேரியில், பஸ் நிலையம் பக்கம், வண்டி நின்றுவிட்ட நிலையில், ஒரு கால் பூட்டியபடியே, வெட்டிய வாழை மாதிரி மெல்லச் சாய்ந்தேன். பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து வந்து, "மக்களே, காலு மாட்டிக்கிட்டா?" என்று கேட்டு, ஷூவைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். காயம் முழங்கையில் கொஞ்சம், மானத்தில் நிறைய.

பழகும் முறை எளிது. முதல் வாரம் டிரெயினரிலேயே பூட்டி விட்டு, பூட்டி விட்டு, ஒரு காலுக்கு ஐம்பது தடவை. எஸ்பிடியில் ஸ்பிரிங் இறுக்கத்தை 3 மில்லிமீட்டர் ஆலன் கீயால் குறைத்துக்கொள்ளலாம். முழுக்கத் தளர்த்தி ஆரம்பியுங்கள். எக்பீட்டரில் இறுக்கம் மாற்ற வழி கிடையாது. எந்தக் கிளீட்டை எந்த ஷூவில் போடுகிறோம் என்பதைப் பொறுத்து 15 டிகிரியிலோ 20 டிகிரியிலோ விடும், அவ்வளவுதான். நிற்கப் போகும் இடத்துக்குப் பத்து மீட்டர் முன்பே ஒரு காலை விடுவித்துவிடுவது பழக்கமாக வேண்டும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆடிக் காற்றில் போகிறவருக்கு இன்னொன்று: காற்றாலைகளைச் சும்மா அங்கே நட்டுவைக்கவில்லை. பக்கக் காற்று அடித்துத் தள்ளும் ஊர். மெதுவாகப் போகிற நேரத்தில் ஒரு காலை விட்டே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் பயம் போகவில்லை என்றால், ஒரு பக்கம் எஸ்பிடி, மறுபக்கம் வெறும் தட்டு உள்ள பெடல் இருக்கிறது. எடை கூடுதல். யாரும் கேலி செய்ய மாட்டோம்.

கிளிப்லெஸ் போட்டால் மேலே இழுத்தும் மிதிக்கலாம், சக்தி கூடும் என்கிறார்களே?

ஒரே சீராக ஓட்டும்போது மேலே இழுப்பதால் லாபம் என்று சொல்ல முடியாது. காலைத் தூக்கும் தசைகள் சீக்கிரம் களைக்கும். உண்மையான பயன், குலுங்கும் பாதையில் கால் பெடலை விட்டுத் தெறிக்காது என்பது. செங்குத்தான ஏற்றத்தில் நாலைந்து சுற்று வேண்டுமானால் இழுப்பு கைகொடுக்கும்.

முழங்கால் வலிக்கிறது. கிளீட் எங்கே இருக்க வேண்டும்?

பெருவிரல் மூட்டையும் சுண்டுவிரல் மூட்டையும் ஷூவின் மேல் தொட்டுப் பார்த்துக் குறி வையுங்கள். கிளீட் அந்த இரண்டு குறிக்கும் நடுவே வரட்டும், மலை சைக்கிளுக்கு இன்னும் சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளினாலும் நல்லதே. திசைக்கு, ஒரு மேசையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பாதம் தானாக எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ அதே கோணம். கொஞ்சம் மாற்றினால் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததை மாற்றுங்கள். சீட் உயரத்தையும் கிளீட்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வலித்தது என்று தெரியாமலே போய்விடும். வலி இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் டாக்டரைப் பாருங்கள், என்னை அல்ல.

எக்ஸ்டிஆர் எம்9100 பெடலில் 3 மில்லிமீட்டர் குட்டையான ஆக்சிலோடும் ஒரு வகை வருகிறது. இடுப்பு ஒடுங்கியவர்களுக்கு இரண்டு கால்களையும் நெருக்கி வைக்க அது உதவும். விலை உயர்ந்த பெடலுக்குக் காசு கொடுக்க எடையைவிட நியாயமான காரணம் இது.

பெடலை நானே மாட்டலாமா?

மாட்டலாம், இடப்பக்கம் தலைகீழ் மரை என்பதை மறக்காமல் இருந்தால். பெரியவர்கள் சைக்கிளில் பெடல் மரை பொதுவாக 9/16 அங்குலம். வலது, இடது என்று ஆக்சிலில் எழுதியிருக்கும். நினைவில் வைக்க ஒரு வழி: இரண்டு பக்கமும், ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, அந்தப் பிடியை முன்சக்கரம் நோக்கித் தள்ளினால் இறுகும், பின்சக்கரம் நோக்கித் தள்ளினால் கழலும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஊருக்குள் ஒரு கடையில் இருந்த பையன் என் இடப்பக்கப் பெடலை வலப்பக்க மரை என்று நினைத்து ஸ்பேனரில் குழாயை மாட்டி இறுக்கினான். புதுக் கிராங்கின் மரை பொடிப்பொடியாக வந்தது. புஷ் போட்டு மரை வெட்டிச் சரிசெய்யலாம்தான், ஆனால் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முதல் நாலைந்து சுற்றுக் கையாலேயே போக வேண்டும். கையால் போகவில்லை என்றால் தப்பான பக்கம் அல்லது தப்பான கோணம், நிறுத்திவிடுங்கள்.

சில பெடலுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர், சிலவற்றுக்கு உள்பக்கமிருந்து 8 அல்லது 6 மில்லிமீட்டர் ஆலன் கீ. வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இறுக்கம் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை. கிளீட் ஆணிக்கு 5, 6 போதும். ஆணியில் கிரீஸ் தடவ மறந்தால் நம்ம ஊர் வியர்வையில் அது துருப்பிடித்து அங்கேயே குடியிருக்கும். பூட்டிய பிறகு ஆணித் தலையின் குழியில் ஒரு சொட்டு மெழுகுவர்த்தியை உருக்கி விடுங்கள். மணல் அடைக்காது. கழற்ற வேண்டிய நாளில் ஊசியால் தோண்டி எடுத்துவிடலாம்.

ஷூவுக்கு எவ்வளவு யோசிக்க வேண்டும்?

பெடலைவிட அதிகமாக. இரண்டு ஆணி கிளீட் மாட்டுகிற மலை ஷூ, கொஞ்சம் விறைப்பான அடி. இரண்டு ஷூ ஜோடிகளுக்கு இடையே இருக்கும் எடை வித்தியாசம், எந்த இரண்டு பெடலுக்கும் இடையே இருப்பதைவிட எளிதில் கூடிவிடும். லேசாக வேண்டும் என்கிறவர் அங்கே தேடட்டும். நம்ம வெயிலில் கால் வீங்கும், சாயங்காலம் போட்டுப் பார்த்து வாங்குங்கள். அடிக்கட்டை ரொம்ப உயரமாக இருந்தால் கிளீட் பெடலை எட்டாது, கிளீட்டுக்கு அடியில் ஒரு தகடு வைக்க வேண்டிவரும். நனைந்த ஷூவை வெயிலில் காயவைக்காமல் பழைய தினத்தாளைச் சுருட்டி உள்ளே அடைத்து வையுங்கள்.

மிதிக்கும் சக்தியை, அதாவது பவரை, அளக்கும் பெடல் வாங்கினால் உள்ளேயும் வெளியேயும் ஒன்றே ஆகுமே?

ஆகும். கார்மின் ராலி எக்ஸ்சி, ஃபவேரோ அசியோமா புரோ எம்எக்ஸ் இரண்டும் எஸ்பிடி கிளீட்டுக்கானவை. ஆனால் ஸ்மார்ட் டிரெயினர் வைத்திருந்தால் அதுவே பவரைச் சொல்லிவிடுகிறது. தோட்டத்துப் பாறையில் பெடல் இடிபடுவது வாரம் ஒருமுறை நடப்பது. அவ்வளவு விலையுள்ள சாமானைப் பாறையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரே ஜோடியை இரண்டு சைக்கிளுக்கும் மாற்றி மாற்றிப் போடலாமா?

மாதம் ஒருமுறை என்றால் சரி. வாரம் இரண்டு தடவை என்றால் கிராங்கின் மரைதான் பாவம். ஒரு எக்ஸ்டிஆர் வாங்குகிற காசில் எம்520 இரண்டு ஜோடி வாங்கிவிடலாம், மிச்சமும் இருக்கும். ஒரே கிளீட், ஒரே ஷூ, இரண்டு சைக்கிள்.

எங்கே ஓட்டிப் பழகலாம்?

சானல்கரை மண்பாதையில் தொடங்குங்கள். ரப்பர் தோட்டம் எல்லாம் ஒருவருடைய சொத்து, கேட்டுவிட்டுப் போங்கள். விடியற்காலையில் பால் வெட்டுகிறவர்கள் தலைவிளக்கோடு நடமாடுவார்கள், வளைவில் மணி அடியுங்கள். காளிகேசம், கோதையாறு பக்கம் வன உயிரினச் சரணாலயம் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் பாதையை விட்டு இறங்கக் கூடாது. அங்கே யானை உண்டு, அதனிடம் எந்தக் கிளீட்டும் செல்லாது.

நீங்கள் என்ன மாட்டியிருக்கிறீர்கள்?

மலை சைக்கிளில் எக்ஸ்டி, டிரெயினரில் நிற்கும் பழைய சைக்கிளில் எம்520, இரண்டுக்கும் 51 கிளீட். எக்ஸ்டியை ஆசைக்கு வாங்கினேன். 40 கிராம் மிச்சம். எம்520இன் கறுப்புப் பூச்சு ஓரத்தில் உரிந்துவிட்டது, சுற்றிப் பார்த்தால் இன்னும் ஒரு சத்தமும் இல்லை. போன கார்த்திகையில் இரண்டையும் பிரித்து கிரீஸ் மாற்றினேன். கறுத்துப் போய் வெளியே வந்தது எக்ஸ்டியின் கிரீஸ்தான், அது ஓடையில் இறங்குகிற பெடல்.